மச்சானுக்கும் சேர்த்துக் குடித்த தண்ணீர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே பகலில் பதினெட்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

பந்தயம் எதுவும் இல்லை. டாக்டரும் சொல்லவில்லை. மரியாதைக்காகக் குடித்தேன்... அதுவும் இன்னொருவருடைய மரியாதைக்காக!

அந்த இன்னொருவர் என் மனைவியின் அண்ணன் கந்தசாமி. எனக்கு மச்சான். சூலூரில் விசைத்தறி வைத்திருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன்பு அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் சொல்லி வைத்தாற்போல வேலையை நிறுத்திவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், எங்கள் ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்து, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருப்பார். முடிந்ததும் எங்கள் வீட்டில் இரண்டு இட்லி, ஒரு குட்டித் தூக்கம். அப்புறம் சூலூர் பஸ்.

டயாலிசிஸ் என்றால் ஊசிதான் கஷ்டம் என்று நான் நினைத்திருந்தேன். மச்சானைக் கேட்டால், "ஊசியெல்லாம் ஒரு விசியமே இல்லீங்க மாப்ள... தண்ணிதான்" என்பார். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆகவே காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். சித்திரை வெயிலிலும் அதே அளவுதான்.

நான் முப்பது வருடம் பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் குப்பை கொட்டியவன். ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கிற தண்ணீரை எப்படி மேலே ஏற்றுவது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன். ஒரு மனுஷனுக்குள் இறங்கின முக்கால் லிட்டரை எப்படி வெளியே எடுப்பது என்பது எங்கள் கம்பெனி கேட்டலாக்கில் இல்லை.

மச்சானின் ஒரே மகள் கிருத்திகா. பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு அதிலேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்குத்தான் கல்யாணம். கல்யாணம் என்றால் பத்திரிகை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? எங்கள் பக்கம் அதெல்லாம் செல்லாது. பங்காளி வீட்டுக்கும் மாமன் மச்சான் வீட்டுக்கும் நேரில் போய், தட்டில் வைத்து நீட்டி, "குடும்பத்தோட வந்துருங்க" என்று வாயால் சொல்லியாக வேண்டும். அதுவும் பெண்ணைப் பெற்றவரே போக வேண்டும். 'ஏன், கந்தசாமிக்கு வர முடியலையாக்கும்?' என்று ஒரு வீட்டில் பேச்சு வந்துவிட்டால், அது பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஓடும்.

போய்விட்டு வர வேண்டியதுதானே... இதில் என்ன சிக்கல்?

சிக்கலே வாசற்படியில்தான் இருக்கிறது. கொங்கு நாட்டில் ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததும் முதலில் கைக்கு வருவது தண்ணீர். எந்த ஊர், என்ன விஷயம் என்பதெல்லாம் அப்புறம். சண்டை போட வந்தவனுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை. அதை வேண்டாம் என்று சொன்னால், 'உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன்' என்று சொன்னதாகிவிடும்.

குடிக்கிற மாதிரி பாவ்லா காட்டலாமே? அதுவும் நடக்காது. நாம் அண்ணாந்து குடிக்கிற ஜாதி. டம்ளர் உதட்டில் படாமல் மேலேயிருந்து ஊற்ற வேண்டும். ஊற்றினால் உள்ளே போகும், இல்லாவிட்டால் சட்டையில் போகும். மூன்றாவது வழி கிடையாது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அச்சாகி வந்த பத்திரிகையைக் காட்டுவதற்காகக் கிருத்திகாவின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தேன். பத்திரிகையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு தட்டைக் காட்டினாள். அதில் மெல்லிசாக, வெள்ளையாக, ஒரு வட்டத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதென்ன கண்ணு, பொரிக்காத அப்பளமா?"

"அடப் போங்க மாமா! மெம்பரேன். சவ்வு. இதுக்காக ரெண்டு வருசமா ராத்திரி பகல் பாக்காம உக்காந்திருக்கறேன்."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் உடம்பின் செல்களைச் சுற்றியிருக்கிற சவ்வில் தண்ணீருக்கென்றே தனி வாசல்கள் இருக்கின்றன. அக்வாபோரின் என்று பெயர். தண்ணீர் மூலக்கூறுகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக, ரேஷன் கடை வரிசை போலப் போகும். உப்பு உள்ளே நுழைய முடியாது. இந்த வாசலை இயற்கை என்றைக்கோ செய்து முடித்துவிட்டது. நாம் இப்போதுதான் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருக்கிறோம். கடல் தண்ணீரைக் குடிநீராக்க ஒரு கூட்டம் அதைக் காப்பியடிக்கிறது. கடலோர அலையாத்தி மரத்தின் வேர் உப்பை எப்படி வெளியே நிறுத்துகிறது என்று இன்னொரு கூட்டம் பார்க்கிறது. பாலைவனத்து வண்டு தன் முதுகில் மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறதாம். அதைப் பார்த்து வலை பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கிருத்திகாவின் கூட்டத்துக்கு வேறு கனவு. இடுப்பில் பெல்ட் மாதிரி கட்டிக்கொள்கிற, முடிந்தால் உடம்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிற ஒரு செயற்கைச் சிறுநீரகம். உலகத்தில் பல இடங்களில் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இது வந்துட்டா உங்கப்பா தண்ணி குடிக்கலாமா?"

"வயிறு முட்டக் குடிக்கலாம் மாமா."

"எப்ப வரும்?"

"அதத்தான் நானும் தெனம் கேட்டுட்டிருக்கறேன்" என்று சிரித்தாள். பிறகு அந்த வட்டத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உள்ள வுடறது ஈஸி மாமா. எத வுடக் கூடாதுன்னு அதுக்குத் தெரியோணும். அதுதான் கஷ்டம்."

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூடப் போறீங்கன்னுதான் அப்பாவ அனுப்பறேன். பாத்துக்கங்க மாமா."

"நானாச்சு கண்ணு" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

ஞாயிறு காலை. என் மனைவியும் மச்சானின் மனைவி சாந்தாமணியும் பொள்ளாச்சிப் பக்கம் போனார்கள். நானும் மச்சானும் என் காரில் வெள்ளகோவில் பக்கம். மொத்தம் ஒன்பது வீடு. மச்சான் மடியில் பத்திரிகைக் கட்டு, காலடியில் அவருடைய அன்றைய பங்காக ஒரு சின்ன வாட்டர் பாட்டில்.

போகிற வழியிலேயே நான் ஒரு திட்டம் போட்டேன். எந்த வீட்டிலும் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. இரண்டு டம்ளர் வரும். இரண்டையும் நானே குடித்துவிடுவேன். கொடுத்த தண்ணீர் காலியாகிவிட்டது என்றால் யாருக்கு என்ன மனக்குறை? "மாப்ள, உங்களுக்கு மூளையோ மூளைங்க" என்றார் மச்சான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வீடு. சொம்பும் டம்ளரும் வந்தன. நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு இரண்டு டம்ளரையும் இறக்கினேன்.

"ஏனுங்க, ஒரே ஒரு வாய் குடிச்சா என்னாயிரப் போகுதுங்க?" என்றார் வீட்டுக்காரர்.

நமக்குத் தெரிந்தது பம்ப்செட். அதை வைத்தே விளக்கினேன். "தொட்டி நெறையத் தண்ணி வந்துட்டே இருக்குதுங்க. வெளிய எறைக்கற மோட்டார் ரெண்டும் புகைஞ்சுபோச்சு. தொட்டி என்னாகும்?"

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முகத்தில் அத்தனை கவலை. "அட சாமி... காயில் மாத்தி ரீவைண்டிங் பண்ண முடியாதுங்களா?"

இந்தக் கேள்வி அடுத்த மூன்று வீடுகளிலும் வந்தது. ஒருவர், காங்கேயத்தில் நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் சுதாரித்துக்கொண்டார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் தண்ணீரோடு ஒரு தட்டும் வந்துகொண்டிருந்தது. அதில் முறுக்கு, மிக்சர், வாழைப்பழம். முதல் இரண்டு வீடுகளில் மச்சான் அதைத் தொடவில்லை. மூன்றாவது வீட்டில் அந்தம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, ஒரு பழத்தை எடுத்து உரித்தார். என்னைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க மச்சான். பழந்தானே? அதுல என்ன, தண்ணியா இருக்குது?" என்றேன் நான், விவரம் தெரிந்தவனாக.

இப்படியாக ஐந்து வீடுகளில் ஐந்து பழம்.

மச்சான் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கிருத்திகா ஒரு லிஸ்ட் ஒட்டி வைத்திருக்கிறாள். அப்பா எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று. அந்த ஃபிரிட்ஜைத் திறந்து நான் எத்தனையோ தடவை தயிர் எடுத்திருக்கிறேன். லிஸ்ட்டைப் படித்ததில்லை. மச்சான் படித்திருக்கிறார். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆறாவது வீட்டைத் தாண்டும்போது என் வயிற்றுக்குள் தண்ணீர் ஆடும் சத்தம் எனக்கே கேட்டது. எந்த வீட்டில் நுழைந்தாலும், "வாங்கொ, வாங்கொ" என்று அவர்கள் சொல்வதற்குள் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று என் கண் தேட ஆரம்பித்துவிட்டது.

ஒன்பதாவது வீடு, வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. அது ராமாத்தாள் அக்கா வீடு. மச்சானின் பெரியப்பா மகள். அவர்மேல் உயிரையே வைத்திருக்கிற அக்கா. வாசலிலேயே மச்சானின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, "எளைச்சுப் போயிட்டியே கண்ணு" என்று கண் கலங்கினார். தண்ணீர் வந்தது. பதினேழு, பதினெட்டு. குடித்து முடித்த கையோடு பாத்ரூமைக் கேட்டேன். தோப்பின் கடைசியில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

திரும்பி வந்தபோது மச்சான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு காலி இளநீர். கையில் இன்னொன்று, பாதிக்கு மேல் சாய்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்னங்க இது!"

"ஏனுங்க, தண்ணிதானே ஆகாதுன்னீங்க?" என்றார் ராமாத்தாள் அக்கா. "இது எளநிங்க. நம்ம தோட்டத்துது. ஒடம்புக்குக் குளிர்ச்சி. காச்சக்காரனுக்கே குடுக்கறதுதானுங்களே."

அவருடைய லாஜிக்கில் என்ன தப்பு? பழத்தில் தண்ணீரா இருக்கிறது என்று காலையில் நான் கேட்டதும் இதே லாஜிக்தான்.

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டார். "மூணு வருசமாச்சுங்க மாப்ள..." என்றார். திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் தண்ணீர் கூடுதலாகப் போய்விட்டது, செவ்வாய்க்கிழமை மெஷின் எடுத்துவிடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். காரில் ஏறியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "கிருத்திகாகிட்டச் சொல்லிப்போடாதீங்க." நானும் தலையாட்டினேன்.

திங்கள் காலை ஏழு மணிக்குப் போன். கிருத்திகா.

"மாமா, அப்பாவால கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியல. கால் ரெண்டும் தன்னோடது மாதிரியே இல்லங்கறாரு. நேத்து என்ன சாப்பிட்டாரு? உண்மையச் சொல்லுங்க."

அவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு நொடி நாக்கைப் பிடித்தது. ஒரே நொடிதான். அஞ்சு பழம், ரெண்டு இளநீர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தண்ணி இல்ல மாமா... பொட்டாசியம். ஹார்ட் நின்னுரும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இளநீர் குடித்து யாராவது சாவார்களா என்று கேட்கிறீர்கள். நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத்தான் கேட்டேன். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. நம் சிறுநீரகம் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். அது வேலை செய்யாதவர் உடம்பில் அப்படியே ரத்தத்தில் ஏறி, கை கால்களைத் தளர வைத்து, கடைசியில் இதயத் துடிப்பிலேயே கை வைத்துவிடும். நமக்கு மருந்து. அவருக்கு விஷம். டாக்டர் சின்ன வயதுக்காரர். இ.சி.ஜி. தாளை மடித்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு மணி நேரம் லேட் பண்ணியிருந்தீங்கன்னா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன் சார்" என்றார்.

ஊசி போட்டார்கள். அவசர அவசரமாக டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் கிருத்திகாவும் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு வாரத்தில் கல்யாணம். மணப்பெண் கையில் மருதாணிக்குப் பதிலாக அப்பாவின் ஃபைல்.

"அந்த மெஷினுக்குள்ள எவ்வளவு தண்ணி ஓடுது தெரியுமா மாமா? ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கும் மேல. சுத்தம் பண்ணின தண்ணி. அந்தப் பக்கம் தண்ணி, இந்தப் பக்கம் அப்பாவோட ரத்தம். நடுவுல ஒரு சவ்வு." ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஒரு சவ்வுக்கு எத வுடோணும் எத வுடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்துட்டிருக்கறேன். ஊட்டு ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்க முடியல பாருங்க."

"என் தப்பு கண்ணு" என்றேன். நான் அவ்வளவு வெட்கப்பட்டது என் வாழ்க்கையில் குறைவு. விஷயம் தெரியாதது குற்றமில்லை. தெரிந்தவன் மாதிரி 'பழந்தானே' என்றேன் பாருங்கள்... அதுதான்.

மத்தியானம் ஆபத்து விலகியது. மச்சான் கண் திறந்ததும் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பையன்களைப் போல நாங்கள் இருவரும் அவள் பார்வையில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். அந்தச் சவ்வின் பெருமைதான் என்ன? 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிகிறது. அவ்வளவுதான். அதைச் சொல்ல வைக்கத்தான் இத்தனை படிப்பும் இத்தனை ராத்திரிகளும். நமக்கு அது சுத்தமாக வராது. எல்லாச் சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு மரியாதை செய்கிற ஊர் இது. இங்கே ஒருவர் 'வேண்டாங்க' என்றால், 'இன்னொரு தடவை கேளுங்க' என்றுதான் நம் காதில் விழுகிறது. கேட்கிறோம். அவரும் கூச்சத்தில் வாங்கிக்கொள்கிறார். சர்க்கரைக்காரருக்கு ஒரே ஒரு லட்டு, பிரஷர்காரருக்கு ஒரே ஒரு அப்பளம்... உங்கள் வீட்டில் நடப்பதில்லையா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்.

புதன்கிழமை மச்சான் சூலூர் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராமாத்தாள் அக்கா.

எப்போதும் இரண்டு கையிலும் பையோடு இறங்குகிறவர். அன்றைக்கு வெறுங்கை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "நாங் குடுத்ததுனாலதானாமே கண்ணு... எனக்குத் தெரியாதே சாமி..." என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். மச்சான்தான் எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

சாந்தாமணி பழக்க தோஷத்தில் சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டார். வந்த பிறகுதான் யாரிடம், எந்த நேரத்தில் நீட்டுகிறோம் என்று அவருக்கே உறைத்தது.

"வேண்டாம் அம்மிணி" என்றார் அக்கா. "அவனுக்கு ஆகாத தண்ணி எனக்கெதுக்கு? இந்த ஊட்டுல இனி நாங் குடிக்க மாட்டேன்."

அறுபது வயதைத் தாண்டிய ஒரு கொங்குப் பெண்மணி உறவுக்காரர் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யாருக்கும் கோபம் வரவில்லை.

மச்சான் சொம்பை வாங்கி அக்காவின் கையில் வைத்தார். "குடிங்கக்கா. வெயில்ல வந்திருக்கறீங்க. நீங்க குடிச்சா எனக்கும் கொஞ்சம் குடிச்ச மாதிரி இருக்கும்."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணாந்து ஊற்றினார். கடக் கடக்கென்று இறங்கியது. மச்சான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையும் ஒரு தடவை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

எந்த ஊரில், எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, பிள்ளைகளே... கொஞ்சம் சீக்கிரமாகச் செய்யுங்கள். எங்கள் மச்சானுக்குத் தாகமாக இருக்கிறது.